தமிழ் எழுத்துக் குறியாக்கமும் அச்சு வழங்கிச் சிக்கலும்

திரையில் சரியாகத் தெரியும் தமிழ் உரை, பல கணினிகளுக்குப் பொதுவான அச்சு வழங்கியின் வழியே செல்லும்போது ரோமன் எழுத்துகளாகவோ வெறுங்கட்டங்களாகவோ அச்சாவதுண்டு. அச்சுப்பொறி பழுதில்லாதபோதும் இது நிகழும். இதன் காரணம் தமிழ்க் குறியாக்கத்தின் வரலாற்றில் உள்ளது.

எழுத்துருக் காலம்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. அதே எழுத்துரு இல்லாத கணினியில் உரை பொருளற்றுப் போனது. இந்தக் குழப்பத்தைக் குறைக்க, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியாக்கங்களைத் தமிழ்நாடு அரசு ஏற்றது.

ஒருங்குறி

1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் இல்லை. ஆறெழுத்துச் சொல்லான ‘திண்டுக்கல்’ 11 குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. அதே மாவட்டத்துக் ‘கொடைரோடு’ என்னும் பெயரின் முதலெழுத்து, ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டே குறிகள். அச்சிலோ கொம்பு ககரத்தின் முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். இந்த ஒழுங்கை அறியாத மென்பொருள் ஊர்ப்பெயரையே சிதைத்துவிடும்.

தீர்வு

2010 ஜூன் 23 அன்று தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாகவும், உயிர்மெய்களுக்குத் தனி இடம் தரும் டேஸ்16 குறியாக்கத்தை மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. நடைமுறையில், எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக அனுப்பினால் அச்சு வழங்கியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டியதில்லை. பழைய எழுத்துருக் கோப்புகளை மட்டும் முதலில் ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது நல்லது. எழுத்துருவும் அதன் குறியீட்டு அட்டவணையும் மறைந்துபோனால் ஆவணத்தைப் படிப்பதே அரிதாகிவிடும்.