பிறர் வாக்கைக் கொண்டு செல்பவர் யார்?

வாக்குச் சாவடிக்கு நேரிற் சென்று வாக்களிக்க வருபவரிடம், "நீர் யார்?" என்று கேட்பது தேர்தலின் முதல் விதி. அவர் அடையாள அட்டையைக் காட்டுகிறார். பட்டியலில் அவர் பெயர் குறிக்கப்படுகிறது. அதன் பின்னரே சீட்டு அவர் கைக்கு வருகிறது. ஆனால், நோயாளியும் முதியவரும் தொலைநாட்டில் வாழ்பவரும் அஞ்சல் வழியே வாக்களிக்கும்போது நிலைமை வேறாகிறது. வாக்கு ஒருவருடையது, அதை எடுத்துச் சென்று அலுவலரிடம் சேர்க்கும் கை வேறொருவருடையதாக இருக்கலாம். அந்தக் கைக்கு உரியவர் யார் என்று சட்டம் கேட்க வேண்டுமா? கேட்பதாயின் எவ்வளவு கேட்கலாம்? இவ்வினாவுக்கு நூற்று அறுபது ஆண்டு வரலாறு உண்டு. ஆசிரிய அன்பர்கள் அறிந்துகொள்ளத்தக்க அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. வாக்குரிமை பெற்ற ஆடவருள் பெருந்தொகையினர் போர்முனையில் இருந்தனர். பல மாநிலங்கள் பாசறையிலேயே வாக்குப் பெட்டி வைத்தன. நியூயார்க் மாநிலமோ வேறு வழியை மேற்கொண்டது. படைவீரன் தன் சீட்டை உறையிலிட்டு மூடுவான். சொந்த ஊர் வாக்காளர் ஒருவரைத் தன் பேராளாக அமர்த்தி, சாட்சியின் முன் அதிகாரப் பத்திரத்தில் கையொப்பமிடுவான். இரண்டையும் ஊருக்கு அனுப்புவான். தேர்தல் நாளன்று அப்பேராள் உறையைச் சாவடிக்குக் கொண்டு சென்று அலுவலரிடம் ஒப்படைப்பார். கொண்டு செல்பவர் இன்னார் என்பது பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவ்வளவு செய்தும் மோசடிக் குற்றச்சாட்டு எழுந்தது. ஊரில் உறையைப் பெற்றுக்கொண்ட தந்தையர் மீதும் தமையன்மார் மீதும் அது எழவில்லை. பால்ட்டிமோர் நகரில் இருந்துகொண்டு படைவீரர் வாக்குகளைத் திரட்டிய முகவர்கள் மீதே எழுந்தது. படைவீரர் பெயரிலும் அதிகாரிகள் பெயரிலும் பொய்க் கையெழுத்து இட்டதாக இருவர் படை நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுத் தண்டனை பெற்றனர். அந்நாளில் நியூயார்க் ஆளுநரும் நாட்டின் தலைவர் லிங்கனும் எதிரெதிர்க் கட்சியினர்; தேர்தலுக்குச் சில நாள்களே இருந்தன. ஆதலின், இவ்வழக்கு அரசியல் நோக்குடையது என்று ஆளுநர் தரப்பினர் கூறினர். பிறர் வாக்கைக் கையாளுவோர் பற்றிய விவாதத்தில் உண்மைக் குற்றமும் கட்சிப் பூசலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். முதல் உலகப் போரின் முடிவில், 1918-ஆம் ஆண்டுச் சட்டம் படைவீரர்க்கு அஞ்சல் வழியாகவும் பேராள் வழியாகவும் வாக்களிக்கும் உரிமையைத் தந்தது. அவ்வாண்டு டிசம்பர் 14-இல் வாக்குப்பதிவு நடந்தும், படைவீரர் வாக்குகள் வந்து சேரும்பொருட்டு டிசம்பர் 28-இல்தான் எண்ணினார்கள். 1948-இல் நோயுற்ற குடிமக்கள் முதலியோர்க்கும் அஞ்சல் வாக்கு கிடைத்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால், காரணம் எதுவும் சொல்லாமலே எவரும் அதைக் கேட்டுப் பெறலாம் என்றாயிற்று.

கதவு அகலத் திறந்தது. காவலோ பழையபடியே இருந்தது. விளைவு 2004-இல் தெரிந்தது. பர்மிங்காம் நகரின் இரண்டு வட்டாரங்களில் நடந்த மன்றத் தேர்தலில் அஞ்சல் வாக்குகளைக் கைப்பற்றி மாற்றியதாக வழக்குத் தொடரப்பட்டது. 2005 ஏப்ரலில் தேர்தல் நீதிபதி ரிச்சர்டு மாரி அவ்விரு தேர்தல்களையும் செல்லாதனவாக்கி, அஞ்சல் வாக்கு முறையின் காப்பின்மையை மிகக் கடுமையாகச் சாடினார். 2006-இல் புதுச் சட்டம் பிறந்தது. அஞ்சல் வாக்காளர் தம் கையொப்பத்தையும் பிறந்த நாளையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வாக்குடன் வருவனவற்றை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இது வாக்காளரை அடையாளங் காணும் விதி. உறையைக் கொண்டு வருபவர் யார் என்பதை அப்போதும் எவரும் கேட்கவில்லை.

கொண்டு செல்வதையே தடுத்துவிட்டால் தொல்லை தீராதா என்று கேட்போர் உளர். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் அத்தகைய தடை இருந்தது. வாக்காளரோ நெருங்கிய உறவினரோ சட்டப்படியான காப்பாளரோ அன்றி வேறெவரும் அஞ்சல் வாக்கை எடுத்துச் செல்லலாகாது. ஆயினும், 2018 நவம்பரில் அம்மாநிலத்தின் ஒன்பதாம் தொகுதியில், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆட்கள் வீடு வீடாகச் சென்று சீட்டுகளை வாங்கினார்கள். ஐயம் எழாதிருக்கச் சிறுசிறு கட்டுகளாக, வாக்காளர் வீட்டுக்கு அருகிலுள்ள அஞ்சல் நிலையங்களில் அவற்றைப் போட்டதாக விசாரணையில் சாட்சியம் வந்தது. எண்ணிக்கையில் முதலில் நின்றவர் 905 வாக்கு முந்தியிருந்தும், 2019 பிப்ரவரி 21-இல் மாநிலத் தேர்தல் வாரியம் ஒருமனதாக மறுதேர்தலுக்கு ஆணையிட்டது. தடை ஏட்டில் இருந்தது; ஆனால், அஞ்சற்பெட்டி எவருடைய பெயரையும் கேட்பதில்லை.

தடைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அரிசோனா மாநிலம் 2016-இல், குடும்பத்தார், ஒரே வீட்டில் வாழ்வோர், பராமரிப்பாளர், தம் பணியைச் செய்யும் அஞ்சல், தேர்தல் ஊழியர் ஆகியோர் தவிரப் பிறர் வாக்கை வேறெவர் வாங்கிச் சென்றாலும் பெருங்குற்றம் என்று விதித்தது. அம்மாநிலத்தின் பழங்குடி மக்களுள் பலர் அஞ்சற்காரர் வாராத தொலைவில் வாழ்கின்றனர். 2021 ஜூலை 1-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இச்சட்டம் செல்லும் என்றது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி எலினா கேகன் ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார். ஊர்ப்புற மாவட்டங்களில் வெள்ளையர் வாக்காளருள் 86 விழுக்காட்டினர்க்கு வீட்டுக்கே அஞ்சல் வருகிறது. பழங்குடி வாக்காளருள் 18 விழுக்காட்டினர்க்கே வருகிறது. அத்தகைய ஊரில் அயலார் ஒருவர் நகருக்குப் போகும்போது நாலு வீட்டு உறைகளையும் எடுத்துச் செல்வது இயல்பான உதவி. சட்டம் அவ்வுதவியையும் கூலிக்குத் திரட்டுவோர் செயலையும் ஒரே பெயரால் அழைத்தது.

இவ்விரண்டு முனைகட்கும் நடுவே ஒரு வழி உண்டு. மின்னசோட்டா மாநிலத்தில் ஒருவர் மற்றும் மூவருடைய வாக்குகளைக் கொண்டு வந்து கொடுக்கலாம். உறவினராக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால், தம் பெயரும் கையொப்பமும் உள்ள அடையாளச் சான்றைக் காட்ட வேண்டும். 2020-இல் கீழ்மன்றம் ஒன்று மூவர் என்ற வரம்பை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. இங்கிலாந்தும் இவ்வழிக்கே வந்துள்ளது. 2022-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தின்படி, 2024 மே 2 முதல் ஒருவர் தம் வாக்கோடு மேலும் ஐவர் வாக்குகளையே நேரில் ஒப்படைக்கலாம். அதற்கென உள்ள படிவத்தில் தம் பெயர், முகவரி, பிறர் வாக்கைக் கொண்டு வந்த காரணம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். உறவினரும் பராமரிப்பாளரும் அல்லாத கட்சிப் பிரசாரகர் பிறர் அஞ்சல் வாக்கைத் தொடவே கூடாது. தொட்டால் ஈராண்டு வரை சிறை.

பழந்தமிழர்க்கும் இக்கவலை இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை, வாக்கெடுப்பன்று. திருவுளச் சீட்டு முறை. எனினும், குடத்திலிருந்து எடுத்த ஓலையை வாங்கும் நடுவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை ஏற்க வேண்டும் என்று அது விதிக்கிறது. ஓலையைத் தொடும் கையை விலக்காமல், அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கச் செய்தனர்.

நம் மலேசியாவிலும் இதற்கு அண்மைக் காலச் சான்று உண்டு. வெளிநாடு வாழ் பொதுமக்கள் 2013-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில்தான் முதன்முறையாக அஞ்சல் வாக்களித்தனர். 2018-இல் வேட்பு மனு நாள் ஏப்ரல் 28. வாக்களிப்பு மே 9. இடையில் இருந்தவை பதினொரு நாள்களே. பலர்க்குச் சீட்டு கடைசி வேளையில் வந்தது. சிலர்க்குத் தேர்தல் முடிந்த பின்னரே வந்தது. மாலை ஐந்து மணிக்குள் தொகுதி அலுவலரிடம் சேராத வாக்கு எண்ணப்படாது. அப்போது உலகின் பல நகரங்களிலிருந்து நாடு திரும்பிய பயணிகள் முன்பின் அறியாதவர்களின் உறைகளைச் சுமந்து வந்தார்கள்; விமான நிலையத்தில் காத்திருந்த தொண்டர்கள் அவற்றை வாங்கித் தொகுதி தொகுதியாகக் கொண்டு சேர்த்தார்கள். அரிசோனாச் சட்டம் இங்கே இருந்திருப்பின், அவர்களுள் பெரும்பாலோர் குற்றவாளிகள் ஆகியிருப்பர். அதே வேளையில், அவ்வுறைகளுள் ஒன்று வழியில் தொலைந்திருந்தால் யாரைக் கேட்பது என்ற வினாவையும் நாம் தள்ளிவிட முடியாது.

தோட்டப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர்க்கு இது புதிதன்று. சேமநிதித் தாளாயினும் சொக்சோ படிவமாயினும், எழுதப் படிக்க இயலாத முதியவர் அதைப் பள்ளிக்கே எடுத்து வருவார். நாம் என்ன எழுதினோம் என்று அவரால் சரிபார்க்க முடியாது. அவர் நம்பிக்கை ஒன்றே சான்று. அந்நிலையில், "இதை எழுதியவர் இன்னார்" என்று அடியில் நம் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டால், அது அவர்க்கும் காப்பு, நமக்கும் காப்பு. அதை இழுக்கென்று கொள்ளும் ஆசிரியர் இரார்.

ஆகவே, வரலாறு காட்டும் முடிவு இதுவே. பிறர் வாக்கைக் கொண்டு வருபவரிடம் பெயரைக் கேட்கலாம், எண்ணிக்கைக்கு வரம்பு கட்டலாம், கட்சிக்காரரை விலக்கலாம். அஞ்சற்பெட்டியில் போடப்படும் உறைக்கு இவ்விதி எட்டாது என்பதால், வாக்காளர் கையொப்பத்தைச் சரிபார்க்கும் காவலும் உடன் இருக்க வேண்டும். ஆனால், உறவினர் அல்லர் என்ற ஒரே காரணத்துக்காக உதவும் அயலாரைத் தடுப்பது முறையன்று. அவ்வாறு தடுத்தால், பிள்ளைகள் அருகில் இல்லாத முதியவர்தாம் முதலில் வாக்கை இழப்பார்.