சாமுவேல் போர்ணும் இமயமலைக் காட்சிப் படங்களும்

மலையேறச் சென்ற ஒருவன் உச்சியிலே நின்று, சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியால் நொடிப்பொழுதிற் படமொன்று பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவது இக்காலத்தில் எளிய செயல். அப்படத்துக்கு அவன் கொடுக்கும் விலை தன் கால்களின் களைப்பேயன்றிப் பிறிதில்லை. மலைக்காட்சியை நிழற்படமாக்கும் கலை இளமைப் பருவத்தில் இருந்த காலத்து நிலைமையோ வேறு. அன்று ஒரு மலையைப் படம்பிடிப்பதற்குப் பெருஞ்சுமையொன்றை அம்மலைமீது ஏற்ற வேண்டியிருந்தது. அதனைச் சுமந்தவரும் படம்பிடித்தவர் அல்லர். 1863ஆம் ஆண்டுக்கும் 1866ஆம் ஆண்டுக்கும் இடையில் இமயத்தில் மூன்று நெடும் பயணங்களை மேற்கொண்ட சாமுவேல் போர்ண் என்பாரின் வரலாறு இதனை நன்கு புலப்படுத்தும்.

போர்ண் 1834இல் இங்கிலாந்திற் பிறந்தவர். நொற்றிங்காம் நகரிலே வங்கியொன்றில் எழுதுவினைஞராயிருந்தவர். ஓய்வுப் பொழுதிற் பயின்ற நிழற்படக் கலை அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. 1858இல் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி நாட்டிற் கமராவுடன் சுற்றுப்பயணஞ் செய்தார். கவிஞர் வேட்ஸ்வேத் வாழ்ந்து புகழ்பெறச் செய்த பகுதி அது. அளவான குன்று, அதன் அடிவாரத்தில் ஓர் ஏரி, நீரிலே மரங்களின் நிழல், கரையில் ஒரு சிறு குடில்: காட்சியழகு என்பது இதுவே என்ற கருத்து அக்கால ஆங்கிலேயர் மனத்தில் வேரூன்றியிருந்தது. போர்ணின் கண்ணும் அங்கே பயின்ற கண்ணே. பின்னர் வங்கித் தொழிலைத் துறந்து, 1863ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கல்கத்தாவில் வந்திறங்கிய அவர், சிம்லாவை அடைந்து அங்கே நிழற்பட நிலையம் நடத்துவதிற் பங்காளரானார்.

அவர் கையாண்ட முறையை விளங்கிக்கொள்ளாதார்க்கு அவர் பயணங்களின் இயல்பு விளங்காது. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்கொற் ஆச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே அன்று வழக்கிலிருந்தது. வெடிபஞ்சை ஈதரிலும் அற்ககோலிலும் கரைத்துப் பெறுவது கொலோடியன். அயடைட்டுச் சேர்ந்த அக்கரைசலைக் கண்ணாடித் தகட்டின்மீது ஒரே சீராக வார்த்து, இருட்டுக் கூடாரத்தினுள் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்துவர். தகடு ஈரமாயிருக்கும்போதே கமராவிற் செருகிப் படம்பிடித்து, உடனே கூடாரத்துக்கு மீண்டு உருத்துலக்கல் வேண்டும். சில நிமிடங்கள் தாழ்த்துத் தகடு உலர்ந்துவிடின் முயற்சி அனைத்தும் வீண். ஆகவே, கலைஞன் எங்கே செல்கின்றானோ அங்கே அவனுடைய ஆய்வுகூடமும் செல்ல வேண்டும். அன்றியும், தாளிற் பெறும் படம் தகட்டின் அளவினதாகவே அமையுமாதலின், பெரிய படம் வேண்டுவோன் பெரிய தகட்டையே கொண்டுசெல்ல வேண்டியவனானான். போர்ண் விரும்பிய அளவு 12 அங்குலம் நீளமும் 10 அங்குலம் அகலமும் ஆகும்.

1863 யூலை இறுதியிற் சிம்லாவிலிருந்து புறப்பட்ட முதற் பயணம், சத்லஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக, இன்று கல்பா எனப்படும் சினி என்னும் ஊருக்கும் அதற்கப்பாலும் சென்றது. சினிக்கு எதிரே கின்னர் கைலாசத் தொடர் வானளாவி நிற்கும். அதைக் கண்டும் போர்ண் முழுநிறைவு அடைந்தாரல்லர். இம்மலைகள் பெரியன, ஆனாற் படத்துக்குப் பொருந்தாதன என்பது அவருடைய அக்காலத் தீர்ப்பு. ஏரி எங்கே, இலைசெறிந்த மரம் எங்கே, பாசிபடிந்த பாலம் எங்கே என்று அவர் கண் தேடிற்று. இமயம் ஏரி நாடு போலில்லையே என்று வருந்துவது கடலைப் பார்த்துக் குளம் போலில்லையே என்று வருந்துவதை ஒக்கும். எனினும் அவர்மீது முழுப்பழியும் சுமத்தல் முறையன்று. ஓர் இடத்தைக் காணுமுன்னரே அதைக் காண வேண்டிய முறையைக் கற்றுக்கொண்டு போகாதவர் நம்முள் மிகச் சிலர். மறுவாண்டு காசுமீரத்தில் ஆற்றையும் நெட்டிலிங்கம் போன்ற பொப்பிளர் மரச் சாலைகளையும் நீரில் அவற்றின் நிழலையும் கண்டபோதுதான் அவர் மனங் குளிர்ந்தது.

அக்காசுமீரப் பயணம் 1864 மார்ச்சு மாதத்தில் தொடங்கி, ஒன்பது திங்களுக்கு மேல் நீண்டது. ஏறத்தாழ 650 கண்ணாடித் தகடுகள், கூடாரம், கரைசற் புட்டிகள், தொட்டிகள், கமராக்கள், உணவுப் பண்டங்கள் ஆகியவற்றைத் தூக்க 42 சுமையாளர் அமர்த்தப்பட்டனர். சக்கரம் செல்லாத பாதை. பொதிமாடும் தயங்கும் செங்குத்து. ஒருவன் கால் சறுக்கினாற் பல நாள் உழைப்பு பள்ளத்தில் நொறுங்கும். இலண்டனில் வெளிவந்த நிழற்படக்கலை இதழொன்றுக்குப் போர்ண் தம் பயணங்களைப் பற்றித் தொடராக எழுதினார். இயற்கையின் மாட்சியைப் பாடும் அதே கட்டுரைகளில், சுமைகளை வழியில் எறிந்துவிட்டு ஓடிப்போன சுமையாளரைத் தாம் தடியுடன் தேடிச் சென்று அடித்துக் கொணர்ந்ததையும் அவர் கூச்சமின்றிக் கூறுகின்றார். வாசகரும் அதனைப் படித்துத் திடுக்கிடார் என்பது அவருடைய நம்பிக்கை போலும்.

அவர்கள் ஏன் ஓடினார்கள் என்று அவர் ஆழ்ந்து வினவினாரல்லர். வரலாறு பயில்வோர் வினவுதல் கடன். சிம்லாவைச் சூழ்ந்த மலைநாட்டில் ‘பேகார்’ என்னும் கட்டாய ஊழியம் வழங்கிய காலம் அது. அரசின் அலுவலரோ வெள்ளைப் பயணியோ வந்தால், வயலில் எத்தகைய வேலை இருப்பினும், ஊரார் சுமைதூக்க வரவேண்டும். போர்ண் சென்ற இந்துத்தான்–திபெத்துப் பாதையே, 1850இல் டல்ஹௌசிப் பிரபுவின் காலத்தில் தொடங்கப்பெற்றுப் பெரும்பாலும் இத்தகைய உழைப்பால் அமைந்தது. போர்ண் கூலி கொடுத்தவரே. ஆயினும் மறுக்கும் உரிமையில்லாதவனுக்குக் கொடுக்குங் கூலி கூலியாகாது. அப்பாதையில் உள்ள கோட்கர் பகுதியில் 1921இல், அங்கே குடியேறியிருந்த அமெரிக்கரான ஸ்ரோக்ஸ் என்பவரின் தலைமையில் மக்கள் திரண்டு நின்ற பின்னரே இவ்வழக்கம் ஒழிந்தது. ஓடியவர்களைச் சோம்பேறிகள் என்று அன்று எழுதினார்கள். அவர்களால் இயன்ற மறுப்பு ஓட்டம் ஒன்றே என்று கொள்வதே பொருத்தமாகும்.

மூன்றாம் பயணம் 1866 யூலையில் தொடங்கிற்று. குலு, லாகுல், ஸ்பிதி ஆகிய பகுதிகளைக் கடந்து, அக்கால அளவைப்படி 18,600 அடி உயரமுள்ள மனிராங் கணவாயைப் போர்ண் ஏறினார். விரல் விறைக்கும் குளிரில், மூச்சு வாங்கும் உயரத்தில், மேற்கூறிய அத்தனை இரசாயனச் செயல்களையும் பிழையின்றிச் செய்து முடித்தமை வியத்தற்குரியது. அடுத்த இருபது ஆண்டுகள் வரை அவ்வுயரத்துக்குமேல் எவரும் நிழற்படம் எடுத்திலர் என்பர். இக்கால், ஏரியையும் பாலத்தையும் தேடும் பழைய கண் அவரிடம் பெரிதும் மாறிவிட்டது. வெறும் பனியும் பாறையும் வானமுமே போதும் என்ற துணிவை இப்படங்களிற் காணலாம். அவற்றை உற்றுநோக்குவார்க்குப் பனிவெளியிலே சிறுசிறு கரும்புள்ளிகள் தென்படும். அவர்களே சுமையாளர். மலையின் பருமனைக் காட்டும் அளவுகோலாக அவர்களைப் போர்ண் கொண்டார். இன்றோ அப்படத்தின் வேறெப்பகுதியிலும் கண் நிலைப்பதில்லை.

அங்கிருந்து கங்கோத்திரிப் பனியாற்றை அடைந்து, கங்கை வெளிப்படும் கோமுகத்தையும் அவர் படம்பிடித்தார். அடியார் பல நூற்றாண்டுகளாக நடந்து சென்று வணங்கிய இடம் அது. போர்ணை ஈர்த்தது வழிபாடன்று, பனிச்சுவரின் தோற்றமே. ஆனால், அவர் எண்ணியிராத பயன் ஒன்று அப்படங்களுக்கு வாய்த்தது. 1935இல் இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஓடன் என்பார் கங்கோத்திரிப் பனியாற்றின் முகப்பை அளந்து வரைபடமாக்கினார். அதன்பின் அம்முகப்பு ஒரு கிலோமீற்றருக்கு மேற் பின்வாங்கிவிட்டது. ஓடனின் அளவைக்கும் எழுபதாண்டு முந்திய பனியின் தோற்றத்துக்குக் கண்கண்ட சான்றாய் எஞ்சியிருப்பது அழகுக்காக எடுத்த இப்படமே.

1870இல் இந்தியாவை விட்டு நீங்கிய போர்ண், நொற்றிங்காமிற் பருத்தி நூல் தொழில் நடத்தி, நீர்வண்ண ஓவியங்கள் தீட்டி, 1912இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய போர்ண் அன்ட் செப்பேட் நிலையம் கல்கத்தாவில் நெடுங்காலம் நடைபெற்றது. 1991இல் நேர்ந்த தீ அதன் சேமிப்பிற் பெரும் பகுதியை அழித்தது. 2016இல் நிலையமும் மூடப்பட்டது. எனினும் அவர் படங்களின் தாட்பிரதிகள் உலகின் பல நூலகங்களிலும் காட்சிச்சாலைகளிலும் உள்ளன. பலவற்றின் மூலையிலே கலைஞரின் பெயரும் விற்பனைப் பட்டியலின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகடுகளைத் தோளிலேற்றிக் கணவாய் கடந்தவர்களுள் ஒருவர் பெயரும் அங்கில்லை.