திருச்சாரணமலைத் தேவி

தென்குமரி நிலம் தாய்த்தெய்வ வழிபாடு தழைத்த நிலமாகும். கடற்கரையில் மண்டைக்காட்டுப் பகவதி புற்றுருவில் எழுந்தருளியிருக்கிறாள். மாசிக் கொடையின்போது மகளிர் இருமுடி தாங்கித் திரள்வதால், அத்தலம் ‘பெண்களின் சபரிமலை’ எனப் பெயர் பெற்றது. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இசக்கியம்மன் குடிகொண்டிருக்கிறாள். மார்த்தாண்டத்திற்கு அண்மையில், சிதறால் குன்றின்மேல் மற்றொரு பகவதி வீற்றிருக்கிறாள். இந்துப் பெருமக்கள் வணங்கும் அத்தேவியின் வரலாறு, தமிழ்ச் சமணர் வரலாற்றிலும் ஓர் அரிய பகுதியாகும்.

சிதறால் மலைக்கோயில் அமைந்த குன்றின் பழம்பெயர் திருச்சாரணத்து மலை. வானில் இயங்கும் ஆற்றல் பெற்ற அறவோரைச் சாரணர் என்பது சமண மரபு. அப்பெயர் ஒன்றே அவ்விடத்தின் தொன்மையை உணர்த்தும். அங்குள்ள பெரும்பாறையின் பக்கத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் முக்குடையின்கீழ் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. படம் விரித்த நாகத்தின் நிழலில் பார்சுவநாதர் நிற்கிறார். மக்கள் இருவருடனும் சிங்கத்துடனும் அம்பிகை காட்சி தருகிறாள். உருவங்கள் சிலவற்றின்கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

இம்மலையின் கல்வெட்டுகளுள் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் தனிச்சிறப்புடையது. இம்மன்னன் 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டவன். அரட்டநேமி பட்டாரகரின் மாணவியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் என்பார், மலைமேலுள்ள தேவிக்குப் பொன்னணி வழங்கிய செய்தியை அச்சாசனம் கூறுகிறது. குரத்தி என்பது ஆசிரியராய் விளங்கிய பெண்துறவியைக் குறிக்கும் சொல். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயர் காணப்படுவதால், இம்மலையின் தொடர்பு பாண்டிநாடு வரை பரவியிருந்தமை தெளிவாகும். பெண்கள் துறவு பூண்டு, கல்வி பெற்று, அறம் புரிந்த இடமாக இக்குன்று திகழ்ந்தது.

பற்றற்ற அருகனை வணங்கும் சமயத்தில் தேவிக்கு இடம் எவ்வாறு வாய்த்தது? வினையறுத்து வீடு பெறுதல் அவரவர் முயற்சியால் கைகூடுவது. ஆயினும் இல்லறத்தார்க்கு நோயும் வறுமையும் மகப்பேறு பற்றிய கவலையும் உண்டு. அவ்வேளைகளில் துணைநிற்பவர்களாகச் சாசனதேவியர் போற்றப்பட்டனர். நேமிநாதரின் இயக்கியாகிய அம்பிகையைத் தமிழ்ச் சமணர் தருமதேவி என வழங்குவர். துறவிக்கு உணவளித்ததற்காகக் கணவனின் சினத்திற்கு ஆளாகி, மக்களோடு வீட்டை நீங்கியவள் அவள் என்பது கதை. இல்லறப் பெண்ணின் துயரை அறிந்த தாயாதலின், இல்லத்துப் பெண்டிர் அவளை நெருக்கமாக உணர்ந்தனர்.

ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் திருச்சாரணத்துக் கோயில் பகவதி கோயிலாக மாறியது என்பர். சமணக் குடிகள் அருகியபின்னும் சுற்றுப்புற மக்கள் மலையேறுவதை விடவில்லை. அவர்கள் அறிந்த பெயரால் தாயை அழைத்தனர். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் நிலைபெற்றன. இத்தகைய மாற்றம் எங்கும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததன்று. நாகர்கோவில் நாகராசர் கோயிலில் 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்னும் சமணச் சான்றோரைக் குறிப்பிடுகின்றன. அக்கோயில் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி ஆகியோரின் உருவங்களை இன்றும் காணலாம்.

இயக்கி என்னும் சொல்லே நாட்டார் வழக்கில் இசக்கி எனத் திரிந்தது. மதுரைப் புறத்தே இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீளும் மாதரியிடமே கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைப்பதாகச் சிலப்பதிகாரம் கூறும். இன்று இசக்கி கோயில்களில் குழந்தையை ஏந்திய மண்ணுருவங்களைப் பெண்கள் நேர்ந்து வைப்பதைக் காண்போர்க்கு அம்பிகையின் நினைவு எழுவது இயல்பு. எனினும் இசக்கி வழிபாடு முழுவதும் சமணத்திலிருந்தே பிறந்தது எனல் பொருந்தாது. ஊர்த்தாய் வழிபாடு அதனினும் பழமையான வேர்களை உடையது. வில்லுப்பாட்டில் ஒலிக்கும் நீலி கதையும் அதனோடு இணைந்துள்ளது. அந்த நீலியையே நீலகேசி ஆசிரியர் தம் காப்பியத் தலைவியாக்கினார். உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த பழையனூர் நீலி, அவரிடம் தோற்று, கொல்லாமையை ஏற்று, அறம் உரைக்கும் நாவலராகிறாள். தாய்த்தெய்வ வழிபாட்டை வெறுத்தொதுக்காமல், அதனுள் அருளறத்தைப் புகுத்துவதே அன்றைய சமணச் சான்றோரின் நெறியாக இருந்தது.

சிதறாலை இழந்த உடைமையாகக் கருதி வருந்துவோர் நம்மிடையே உண்டு. அவ்வருத்தம் பொருளற்றதன்று. ஆயினும் தெய்வத்தைப் பேணிய கைகள் மாறியபோதும், அங்கு விளக்கு அணையாது காத்தவர்கள் பக்கத்து ஊர்களின் எளிய மக்களே. இன்று மத்தியத் தொல்லியல் துறை அக்குன்றைப் பாதுகாத்து வருகிறது. உரிமை கோரும் வழக்கினும் நமக்கு உடனடியாக வேண்டுவது அறிவே. தருமதேவிக்கு விளக்கேற்றும் நம் இல்லங்களில் குணந்தாங்கிக் குரத்தியாரின் பெயரை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அப்பெயரை அவர்களுக்குக் கற்பித்து, ஒருமுறையேனும் அம்மலைக்கு அழைத்துச் சென்று, அங்கு வழிபடும் அயலாரோடு அன்புடன் நின்று அருகன் திருவுருவைக் காட்டுவோமாக. குரத்தியார் அளித்த பொன் மறைந்திருக்கலாம். கல்லில் நின்ற பெயரைக் காப்பது நம் கடன்.