கைர்: கோட்டையா, வேலியா?

வடமேற்கு வேல்சில், மெனாய் நீரிணைக் கரையிலுள்ள கைர்னார்வனுக்குப் போகிறவர் காதில் கோட்டைக்கு முன்பே ஒரு பொய்ச் சொற்பிறப்பு வந்து விழும். கோட்டையைக் குறிக்கும் வேல்சுச் சொல்லான ‘கைர்’ இலத்தீன் ‘காஸ்ட்ரா’வின் திரிபாம். ரோமர் பாசறை போட்டனராம், வேல்சுக்காரர் சொல்லை எடுத்துக்கொண்டனராம். படித்தவர்களும் இதையே ஒப்பிக்கிறார்கள்.

காஸ்ட்ரா திரிந்தால் என்னவாகும் என்பதற்கு இங்கிலாந்தில் செஸ்டரும் மான்செஸ்டரும் சாட்சி. இலத்தீனிலிருந்து வாங்கிய சொல்லில் வேல்சு மொழி ‘ஸ்ட்’ ஒலியை விழுங்குவதில்லை. காஸ்டெல்லம் ‘காஸ்தெல்’ ஆயிற்று. ஜன்னலைக் குறிக்கும் ஃபெனெஸ்ட்ரா ‘ஃபெனெஸ்ட்ர்’ ஆயிற்று. காஸ்ட்ராவுக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

கைருக்கு உடன்பிறப்பு ‘கை’ என்னும் வேல்சுச் சொல்தான். (நம் கையோடு முடிச்சுப் போட யாரும் கிளம்ப வேண்டாம்.) பழைய பொருள் வேலி, இன்றைய பொருள் வயல். அடைப்பின் பெயர் அடைபட்ட நிலத்துக்கு ஆகிவந்தது. தஞ்சைப் பக்கம் ‘பத்து வேலி நிலம்’ என்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைர், கை இரண்டுக்கும் மூலம் ‘கக்-’ என்னும் கெல்டிய அடி. நடுக் ககரம் எங்கே போனது என்பார்க்கு ஊருக்குள்ளேயே விடை ஓடுகிறது: ரோமர் இங்கிருந்த தம் கோட்டையைச் ‘செகோன்டியம்’ என்ற பெயரே ககரம் உதிர்ந்து ‘சைன்ட்’ என்று ஆற்றுக்கு நிற்கிறது. அதன் முகத்துவாரத்தில்தான் கோட்டை.

மீதிப் பெயரில் சிக்கலில்லை. ‘மோன்’ எதிரே தெரியும் ஆங்கிள்சி தீவு. ‘அர்’ சேர மகரம் வகரமாகி ‘ஆர்வன்’, அதாவது மோனுக்கு எதிர்க்கரை. ஆர்வனில் உள்ள கைர், கைர்னார்வன். துத்தன்காமுன் கல்லறை அகழ்வுக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபுவின் பட்டமும் இந்த ஊர்ப்பெயரே, ஆங்கில வாயில் நசுங்கியது.

முதலாம் எட்வர்டின் கோட்டையால் பெயர் வந்தது என்பாரும் உண்டு. அவன் கட்டத் தொடங்கியது 1283இல். 1188இல் வேல்சைச் சுற்றிய ஜெரால்டு பாதிரியார் தம் பயண நூலில் இப்பெயரை எழுதி, மோனுக்கு எதிரே இருப்பதால் ஆர்வன் என்று பொருளும் சொல்லிவிட்டார். அதோடு அந்த வாதம் தீர்ந்தது.

அப்படியானால் எந்தக் கைர்? 11ஆம் நூற்றாண்டு இறுதியில் நார்மானியர் ஆற்றங்கரையில் எழுப்பிய மண்மேட்டுக் கோட்டையைச் சிலர் காட்டுவர். எட்வர்டோ தன் மதிலில் வேறுநிறக் கல்லைப் பட்டை பட்டையாக ஓடவிட்டு, கோபுரங்களைப் பல பட்டமாக மடக்கினான்; உச்சியில் கழுகுச் சிலைகளும் ஏறி உட்கார்ந்தன. கான்ஸ்டான்டிநோபிள் மதிலைப் பார்த்துச் செய்தது என்று ஆய்வாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். ரோமப் பேரரசின் வாரிசாக வேடம் கட்ட அவன் இந்த ஊரைத் தேடி வந்தது சும்மாவா? பொ.ஆ. 77 அளவில் எழுந்து மூன்று நூற்றாண்டுக்கு மேல் காவலிருந்த ரோமக் கோட்டை செகோன்டியம் மேட்டில் இன்றும் அடித்தளமாய்க் கிடக்கிறது. ஊரார் கைர் என்றது அதைத்தான். சாசனம் கேட்பவர் கேட்கட்டும். எனக்கு இதில் ஐயமில்லை.