பால் காய்ச்சிய பித்தளை அடுக்கு

போன மாதம் கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு பித்தளை அடுக்கு இறங்கியது. உள்பக்கம் ஈயம் தேய்ந்துபோய் திட்டுத் திட்டாக மஞ்சள் தெரிந்தது. பெரியம்மா பார்த்த உடனே, "இது எங்கம்மா பால் காய்ச்சுற அடுக்குடா" என்றார்.

பாட்டிக்குப் பிறந்தது ஏழு, தங்கியது ஐந்து. போன இரண்டுமே ஒன்றரை வயதை ஒட்டி, வயிறு பெருத்து, கண் மஞ்சளாகிப் போனவை. "கட்டி விழுந்து போச்சு" என்பார்கள் வீட்டில். பாட்டியின் பால் பிள்ளைக்குச் சேரவில்லை என்று அப்போது முடிவு கட்டினார்களாம். அதனால் இரண்டாவது பிள்ளைக்கு ஆரம்பத்திலிருந்தே பசும்பால். அதுவும் போயிற்று.

எனக்கு இரண்டு வருடம் முன்னால் ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் ஃபேட்டி லிவர் என்று வந்ததிலிருந்து கல்லீரல் பற்றி எது கிடைத்தாலும் படிப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிப் படித்துக்கொண்டே போனதில்தான் இந்தக் 'கட்டி'க்கு ஒரு பெரிய வரலாறு இருப்பது தெரிந்தது.

ஈரல் குலைக்கட்டி. மருத்துவ நூல்களில் 'இந்தியக் குழந்தைப்பருவ சிரோசிஸ்'. ஆறு மாதத்திலிருந்து நாலைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வரும். முதலில் லேசான காய்ச்சல், சிணுங்கல், சாப்பாட்டில் ஏறுமாறு. தடவிப் பார்த்தால் ஈரல் கல் மாதிரி கெட்டியாக, விளிம்பு கூர்மையாகத் தட்டுப்படும். பிறகு மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர். அதற்கப்புறம் பெரும்பாலும் சில மாதங்கள்தான். கல்கத்தாவில் 1887இல் சென் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 1891இல் அதே ஊரில் கிப்பன்ஸ் விரிவாக எழுதினார். அதாவது, குடிப்பழக்கம் என்றால் என்னவென்றே தெரியாத கைக்குழந்தைகளுக்குக் குடிகாரர்களின் ஈரல் நோய் வருகிறது என்று மருத்துவர்கள் நூறு வருடத்துக்கும் முன்பே குழம்பத் தொடங்கிவிட்டார்கள்.

சென்னை மாகாணத்தில் இது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு மருத்துவ இதழ்களைத் தேடவே வேண்டாம். பழைய தமிழ் வாரப்பத்திரிகைகளைப் புரட்டினால் போதும். 'ஜம்மி லிவர் க்யூர்' விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. மயிலாப்பூரில் ஜம்மி கட்டடமே ஓர் அடையாளம். குழந்தைகளின் ஈரலுக்கென்று ஒரு மருந்து தலைமுறைகளாக வீட்டுப்பெயராக இருந்திருக்கிறது என்றால், அந்தப் பயம் எத்தனை வீடுகளில் இருந்திருக்க வேண்டும்! சென்னையில் குழந்தை மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான எஸ்.டி. ஆச்சார் 1960இல் சக ஆய்வாளர்களோடு இந்நோய் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

நோய் யாருக்கு வந்தது என்பதுதான் பெரிய புதிர். பட்டினி கிடந்த வீடுகளில் அதிகம் வரவில்லை. ஓரளவு வசதியான, நடுத்தர, சைவச் சாப்பாட்டு இந்துக் குடும்பங்களில் வந்தது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில் குறைவு. ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகளுக்கு அடுத்தடுத்து வந்தது. நான் ஒரு சாஃப்ட்வேர் ஆள். இப்படி ஒரு டேட்டா கையில் கிடைத்தால் எங்கள் ஆட்களும் முதலில் 'ஜீன்' என்றுதான் சொல்லியிருப்போம். மருத்துவர்களும் சொன்னார்கள். சொந்தத்தில் கல்யாணம், வைரஸ், சத்துக்குறைவு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்லடாக்சினும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. மைசூர்ப் பக்கம் கெட்டுப்போன கடலை மாவு சாப்பிட்ட குழந்தைகளுக்கு ஈரல் கெட்டதை 1971இல் பதிவு செய்திருந்தார்கள், அதனால் அந்தச் சந்தேகம் ஒன்றும் வெட்டியானது இல்லை. ஆனால் மொத்த நோயையும் அது விளக்கவில்லை.

திருப்பம் வந்தது 1978, 79இல். நோய் வந்த குழந்தைகளின் ஈரல் திசுவைச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்களுக்கு அதில் செம்பு குவிந்திருப்பது தெரிந்தது. சாதாரணமாக உலர்ந்த ஈரலில் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய செம்பு, இந்தக் குழந்தைகளிடம் 800ஐத் தாண்டியிருந்தது. சிலரிடம் ஆயிரக்கணக்கில்.

செம்பு எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் ஸ்டூவர்ட் டேனர், புனே கே.இ.எம். மருத்துவமனையின் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரோடு சேர்ந்து செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் சமையலறைக்குள் போனார்கள். பிள்ளைக்கு எத்தனையாவது வாரத்தில் மாட்டுப்பால் கொடுக்க ஆரம்பித்தீர்கள், எதில் காய்ச்சினீர்கள், எவ்வளவு நேரம் அதிலேயே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்கள். நோய் வந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு மிகச் சீக்கிரமே மாட்டுப்பாலோ எருமைப்பாலோ கொடுத்திருந்தார்கள். அதைக் காய்ச்சியதும் வைத்திருந்ததும் பித்தளையில் அல்லது செம்பில். 1983இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வரும். நம் ஆட்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செம்பிலும் பித்தளையிலும்தானே புழங்கினார்கள்? ஆமாம். ஆனால் உள்ளே ஈயம் பூசிப் புழங்கினார்கள். (இங்கே ஈயம் என்பது வெள்ளீயம், ரசம் வைக்கிற ஈயச் சொம்பின் ஈயம். விஷமான காரீயம் வேறு.) துருத்தியும் நவச்சாரமும் பஞ்சுமாக "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ" என்று கூவிக்கொண்டு வருகிறவர் ஒரு வகையில் அந்தத் தெருவின் ஈரல் வைத்தியர். அவருக்கே அது தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளியோ மோரோ வைத்தால் களிம்பேறும், பச்சை பூக்கும், வாய் கசக்கும். அதனால் அதில் ஜாக்கிரதையாக இருந்தார்கள். பாலில் புளிப்பு இல்லை; பச்சை பூக்கவில்லை; யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் பாலில் உள்ள கேசின் என்ற புரதம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் வெறும் தண்ணீரைவிடப் பால் பாத்திரத்திலிருந்து அதிகமாக உறிஞ்சுகிறது. குழந்தை பிறக்கும்போதே அதன் ஈரலில் செம்பு நிறையச் சேமித்திருக்கும், அதைப் பித்தநீர் வழியாக வெளியேற்றும் திறன் இன்னும் முழுசாக வந்திருக்காது. தாய்ப்பாலில் செம்பு குறைவு என்பதால் அது சரியாகவே ஓடிவிடும். அந்த நேரத்தில் பித்தளையில் சுண்டக் காய்ச்சிய மாட்டுப்பாலைக் கொடுத்தால் வரவு மட்டும்தான், செலவே இல்லை.

இப்போது 'யாருக்கு வந்தது' என்ற புதிரைத் திருப்பிப் பாருங்கள். பசுவும் பித்தளையும் வைத்திருக்க வசதி வேண்டும். மண்சட்டியில் கஞ்சி காய்ச்சி, பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு கொடுக்க வழியில்லாத வீட்டில் இந்த நோய்க்கு நுழைவாசலே இல்லை. சாதி, மதம் என்று தெரிந்ததில் பெரும்பகுதி பாத்திரம்தான் என்பது என் கணிப்பு.

ஆஸ்திரியாவிலும் இதே கதை நடந்திருக்கிறது. மேற்கு டைரோல் மலைக்கிராமங்களில் 1900க்கும் 1974க்கும் இடையே 138 சிறு குழந்தைகள் இதே போன்ற ஈரல் நோயில் இறந்திருந்ததை 1996இல் லான்செட்டில் எழுதினார்கள். அங்கேயும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பசும்பால். பாத்திரம் மாறியது, நோய் நின்றது. ஆனால் குடும்பங்களின் வம்சாவளியைப் பார்த்ததில், மரபணுக் குறை ஒன்றும் கூடவே இருந்தாக வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இதை நான் மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மூன்று ஊர்களின் குடிநீரில் செம்பு மிக அதிகம்; அங்கே குழந்தைகள் ஈரல் நோயால் சாகவில்லை என்று 1994இல் எழுதினார்கள். செம்பு காரணமல்ல, ஏற்கெனவே கெட்ட ஈரலில் அது சேர்கிறது, அவ்வளவுதான் என்று வாதிட்ட இந்திய நோயியல் வல்லுநர்களும் உண்டு. பித்தளையில் பால் குடித்த எல்லாப் பிள்ளைகளும் போகவில்லையே, எங்கள் பாட்டிக்கே ஐந்து தங்கியதே. மரபணுவும் பாத்திரமும் சேர்ந்தால்தான் நோய் என்பதுதான் எனக்குப் பொருந்தி வருகிற விளக்கம். அந்த இரண்டில் மாற்றக்கூடியது பாத்திரம் ஒன்றுதான்.

புனேக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். பித்தளையில் பால் காய்ச்ச வேண்டாம் என்று கிராமங்களில் சொன்னார்கள். நோய் குறைந்து மறைந்ததை 1992இல் எழுதினார்கள். நோய் வந்த பிள்ளைகளுக்கும் செம்பைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளும் பெனிசிலமைன் கொடுத்துப் பார்த்தார்கள். காமாலை வருவதற்கு முன்பே ஆரம்பித்தால் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைத்தார்கள்.

ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் யாரும் பிரசாரம் செய்யவில்லை. எவர்சில்வர் வந்தது. தேய்க்கச் சுலபம், ஈயம் பூசும் செலவில்லை, பளபளவென்று இருக்கும் என்பதற்காக வாங்கினார்கள். பித்தளையைப் போட்டு எவர்சில்வர் எடுத்தார்கள். கொஞ்ச வருடங்களில் குழந்தை வார்டுகளிலிருந்து அந்த நோய் காணாமல் போனது. இன்றைய இளம் டாக்டர்கள் பலர் அதைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள்.

இப்போது செம்பு பாட்டில் ஃபேஷன். நல்ல ஈரல் உள்ள பெரியவர் அதில் வெறும் தண்ணீர் குடிப்பதை இதோடு முடிச்சுப் போட மாட்டேன். எலுமிச்சைச் சாறு, மோர் அதில் வேண்டாம். வில்சன் நோய் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். கைக்குழந்தையின் பாலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அதில் ஊற்றாதீர்கள்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஈரலை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் அடுக்கின் உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே, "அப்போ எங்கம்மா பால்ல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல பெரியம்மா. அதைக் குடிச்சிருந்தாதான் நல்லா இருந்திருக்கும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதைச் சொல்ல நீ முப்பது வருஷம் லேட்டுடா" என்றார். பாட்டி இறந்தது 1994இல்.