ஒற்றுமை என்று பெயர் வைத்தவர்கள்



கூட்டணி ஆட்சி எப்படிப் பிறக்கிறது, ஏன் கவிழ்கிறது என்று புரிந்துகொள்ள போலந்து நாட்டு வரலாறு ஒரு நல்ல பாடம். பதிவு சற்று நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

1980-இல் க்டான்ஸ்க் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் பிறந்தது 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கம். அந்தச் சொல்லுக்கு ஒற்றுமை என்று பொருள். எலக்ட்ரீசியனாக வேலை பார்த்த லேக் வலேசா அதன் தலைவர். 1989 ஜூனில் நடந்த தேர்தலில், கீழவையின் 460 இடங்களில் 161-க்கு மட்டும்தான் எதிர்க்கட்சியினர் போட்டியிட முடிந்தது. அந்த 161 இடங்களையும் சாலிடாரிட்டி அணியே வென்றது. மேலவையில் 100-க்கு 99. அதுவரை கம்யூனிஸ்டு கட்சிக்குத் துணையாக இருந்த விவசாயிகள் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் அணி மாறின. சாலிடாரிட்டியின் மசோவியெட்ஸ்கி பிரதமரானார்.

பொது எதிரி விலகியதும் என்ன நடந்தது? அடுத்த ஆண்டே குடியரசுத் தலைவர் தேர்தலில் வலேசாவும் மசோவியெட்ஸ்கியும் எதிரெதிரே நின்றார்கள். வலேசா வென்றார். இயக்கம் பல கட்சிகளாக உடைந்தது.

1991-இல் முழுச் சுதந்திரத்துடன் தேர்தல் நடந்தது. குறைந்தது இத்தனை சதவீதம் வாக்கு பெற்றால்தான் இடம் என்ற வரம்பு தொகுதிகளில் இல்லை. விளைவு, 29 கட்சிகளும் குழுக்களும் கீழவைக்குள் வந்தன. முதலிடம் பெற்ற கட்சிக்கே 12 சதவீத வாக்குதான், 62 இடங்கள்தான். பீர் பிரியர்கள் கட்சி என்று ஒன்று, அதற்கும் 16 இடங்கள்!

இரண்டே ஆண்டுகளில் மூன்று பிரதமர்கள். மூன்றாமவர் ஹன்னா சுகோட்ஸ்கா, போலந்தின் முதல் பெண் பிரதமர். ஏழு கட்சிகளைச் சேர்த்து ஆட்சி நடத்தினார். 1993-இல் ஆசிரியர்களும் மருத்துவத் துறை ஊழியர்களும் ஊதிய உயர்வு கேட்டுப் போராடினார்கள். கஜானாவில் பணமில்லை என்றது அரசு. சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் உறுப்பினர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆசிரியர் சம்பளத்தில் குடும்பம் நடத்திய எனக்கு அந்தக் கோரிக்கையின் நியாயம் புரிகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள்.

மே 28 அன்று தீர்மானத்துக்கு ஆதரவாக 223 வாக்குகள் விழுந்தன. வெற்றி பெறத் தேவைப்பட்டதும் சரியாக 223. ஆளும் தரப்பைச் சேர்ந்த முன்னாள் அமைச்சர் ஒருவர் நேரத்துக்கு அவைக்கு வந்து சேரவில்லை. ஒரு வாக்கில் ஆட்சி போனது. வலேசா கீழவையைக் கலைத்தார்.

அதே நாளில் அந்த அவை ஒரு புதிய தேர்தல் சட்டத்தையும் நிறைவேற்றியிருந்தது. தனிக் கட்சிக்கு 5 சதவீதம், கூட்டணிக்கு 8 சதவீதம். அதற்குக் கீழே வாக்கு பெற்றால் கீழவையில் இடம் கிடையாது. சிறு கட்சிகள் ஒன்றுசேரும் என்று எதிர்பார்த்தார்கள். சேரவில்லை. ஒவ்வொரு தலைவரும் தன் கொடியோடு தனியே நின்றார்.

செப்டம்பரில் முடிவு வந்தது. முன்னாள் கம்யூனிஸ்டுகளின் இடதுசாரிக் கூட்டணிக்கு 20 சதவீத வாக்கு, 171 இடங்கள். விவசாயிகள் கட்சிக்கு 15 சதவீதம், 132 இடங்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடங்களோடு ஆட்சி அமைத்தன. மக்கள் போட்ட வாக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரம்பைத் தாண்டாத கட்சிகளுக்குப் போய் வீணாயின. ஆட்சியைக் கவிழ்த்த சாலிடாரிட்டி சங்கம் பெற்றது 4.9 சதவீதம். கீழவையில் ஓர் இடமும் இல்லை.

அடிபட்டபின் புத்தி வந்தது. 1997-இல் முப்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சாலிடாரிட்டி பெயரில் ஒன்றுசேர்ந்து 201 இடங்கள் வென்றன. ஜெர்சி புசெக் நான்கு ஆண்டுகளும் பிரதமராக இருந்தார். ஆனால் அதற்குள் கூட்டாளிகள் மறுபடி பிரிந்தார்கள். 2001-இல் அந்த ஆளும் கூட்டணி 8 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கீழவையிலிருந்தே காணாமல் போனது.

1991-இல் எல்லோருடைய குரலும் அவைக்குள் கேட்டது, நிலையான ஆட்சி இல்லை. 1993-இல் நிலையான ஆட்சி கிடைத்தது, மூன்றில் ஒரு பங்கு மக்களின் குரல் வெளியே நின்றது. சட்டத்தால் கட்சிகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியும். ஒருவரை ஒருவர் பொறுத்துப்போகும் குணத்தைச் சட்டத்தால் கொடுக்க முடியாது. அதைத் தலைவர்கள்தான் பழக வேண்டும்.

வரம்பு வைத்தது சரியா, தவறா? யோசித்து உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். இதற்கு மதிப்பெண் கிடையாது!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்