ஏற்பிக்குத் துணை போகும் புரதங்கள்

ஹார்மோன் வந்து ஏற்பியில் உட்கார்ந்தது, ஏற்பி போய் மரபணுவை முடுக்கியது, கதை முடிந்தது. பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் இடையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் எப்படி மாட்டிக்கொண்டார் என்பதைப் பார்ப்போம்.

சினைப்பைகளை அகற்றினால் மார்பகப் புற்று சுருங்கக்கூடும் என்று கிளாஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் பீட்ஸன் 1896-லேயே எழுதிவிட்டார். அப்போது 'ஹார்மோன்' என்ற சொல்லே பிறக்கவில்லை! 1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை எலியின் கருப்பை பிடித்து வைத்துக்கொள்வதைக் காட்டினார். அப்படிப் பிடித்து வைக்கும் புரதம்தான் ஏற்பி.

1989-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பியர் ஷாம்போன் குழுவினர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். ஒரே செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கூட்டினால், புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் வேலை குறைந்தது. ஒரே கொத்தனாரை இரண்டு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் ஒரு வீட்டில் வேலை நின்றுவிடும் அல்லவா? அது மாதிரி. கொத்தனாரை யாரும் பார்க்கவில்லை. வேலை நின்றதை வைத்தே, ஒருவர் இருக்கிறார் என்று ஊகித்தார்கள்! இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1995-ல் ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியில் பெர்ட் ஓமாலியின் குழு எஸ்.ஆர்.சி-1 என்ற துணைப் புரதத்தைப் பிடித்தது. 1997-ல் அதன் உறவுக்காரப் புரதம் ஒன்று பல ஆய்வகங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அகப்பட்டது. ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள் :-) அவற்றில் ஏ.ஐ.பி-1 என்ற பெயர்தான் விஷயத்தைச் சொல்கிறது: மார்பகப் புற்றில் பெருகிய மரபணு. சோதித்த 105 கட்டிகளில் சுமார் 10 சதவீதத்தில் இந்த மரபணுவின் பிரதிகள் பெருகியிருந்தன. 64 சதவீதத்தில் அது மிகையாக இயங்கியது.

இதனால் நோயாளிக்கு என்ன? டாமாக்சிஃபென் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. துணைப் புரதம் உட்காரும் பள்ளத்தை அது அடைத்துவிடுகிறது என்று 1998-ல் படிக அமைப்பு காட்டியது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற அதே மருந்து, கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்து அங்கே புற்று வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஏன் இந்த இரட்டை வேடம்? கருப்பைச் செல்களில் எஸ்.ஆர்.சி-1 அதிகம், அதைக் குறைத்தால் அந்த வேடம் கலைகிறது என்று 2002-ல் பாஸ்டனில் காட்டினார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு செய்தி. டாமாக்சிஃபென் எடுத்தவர்களில், ஏ.ஐ.பி-1, ஹெர்-2 இரண்டும் மிகுந்திருந்தவர்களுக்கே நோய் அதிகமாகத் திரும்பியிருந்தது.